விட்டுவைத்த வெள்ளை

மார்ச் 3

தம்பிக்கு,

பார்சல் நேற்று மதியம் வந்து சேர்ந்தது. போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்தில் நான் கத்துவேன், மூன்றாவது வாக்கியத்தில் நீ வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. பாதியில் போட்டுவிட்டுப் போனாலும் மேஜைமேல் கிடந்து உன்னையே பார்க்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவின் படத்தில் கை வைத்தது யார் என்று கேட்கப்போவதில்லை. அந்த வீட்டில் பெயிண்ட் டப்பாவோடு வாழ்கிறவன் நீ ஒருத்தன்தான். அட்டையைப் பிரித்து மேல் தாளை எடுத்தேன். வாய் இருந்த இடத்தில் கட்டியாக வெள்ளை அப்பியிருந்தது. அதன்மேல் ரோஸ் நிறத்தில், கடைப் பொம்மைக்கு வைப்பதுபோல நேராக ஒரு கோடு. கொஞ்ச நேரம் அது வேறு யாரோ ஒரு கிழவியின் படம் என்றே நினைத்தேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வாயின் வலது ஓரம் இறங்கித்தான் இருக்கிறது. டாக்டரால் நிமிர்த்த முடியாததை நீ எட்டணா பிரஷ்ஷில் நிமிர்த்திவிட்டாய். பெரிய ஆள்தான்.

உன் போர்டு வேலையில் எழுத்து கோணினால் மேலே ஒரு கோட் அடித்துவிட்டு மறுபடி எழுதலாம். தகரமும் தாங்கும், சுவரும் தாங்கும். நீர்வண்ணம் அப்படி இல்லை என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? இதில் வெள்ளை என்று தனியாக ஒரு கலர் கிடையாது. தாள்தான் வெள்ளை. எங்கே வெளிச்சம் வேண்டுமோ அந்த இடத்தை முதலிலேயே தீர்மானித்து, கடைசிவரை தொடாமல் விட்டுவைக்க வேண்டும். வெளிறிய நிறத்தில் தொடங்கி இருட்டுக்குப் போகலாம். இருட்டிலிருந்து திரும்பிவர வழி கிடையாது. கீழுதட்டின் வலது ஓரத்தில் ஒரு அரிசி அளவுக்கு வெள்ளை விட்டுவைத்திருந்தேன். ஜன்னல் வெளிச்சம் அங்கே பட்டு ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. அந்த ஒரு அரிசிக்காக மூன்று தாள்களைக் கிழித்தேன். நாலாவதில்தான் அது நின்றது. படத்துக்கே உயிர் அதுதான். சரியாக அதன்மேல்தான் அப்பி வைத்திருக்கிறாய்.

ஏப்ரல் 18 அன்று கண்காட்சி. இருபது வருஷமாகப் பாடப்புத்தகத்துக்குத் தவளையின் வயிற்றையும் பூவின் குறுக்குவெட்டையும் வரைந்துகொண்டிருந்தவளுக்கு முதல்முறையாக ஒரு சுவர் கொடுத்திருக்கிறார்கள். அழைப்பிதழில் இந்தப் படம்தான். முன்பே எடுத்து வைத்திருந்த போட்டோவைக் கொடுத்து அச்சும் ஆகிவிட்டது. நவம்பரில் கிளம்பும்போது, இங்கேயே இருக்கட்டும் என்று அம்மா கட்டிலுக்கு எதிரே நான்தான் மாட்டிவிட்டு வந்தேன். இரண்டு மாதத்துக்கு அதைத் திருப்பிக் கேட்டது ஒரு குற்றமா?

மன்னிப்பு கேட்டு எழுதாதே. எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: அது என்ன கலர், அதில் பசை கலந்தாயா, மேலே வார்னிஷ் அடித்தாயா. எடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

அக்கா


மார்ச் 8

மதிப்பிற்குரிய ஓவியர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. போஸ்டர் கலர். வெள்ளையும் சிவப்பும். பக்கத்துத் தெரு ஸ்டேஷனரி கடையில் வாங்கிய பன்னிரண்டு கலர் பெட்டியிலிருந்து. பசை இல்லை, வார்னிஷ் இல்லை. தண்ணீர் பட்டால் கரையும். தாங்கள் கேட்டதற்குப் பதில் இத்துடன் முடிந்தது.

கேட்காததற்கும் கொஞ்சம் சொல்கிறேன். நான் போர்டு எழுதுகிறவன். கடைக்காரர் வந்து, "எழுத்தக் கொஞ்சம் தடிமனாப் போடுப்பா" என்றால் தடிமனாகப் போடுவேன். "அந்தச் செவப்பு கண்ணக் குத்துது" என்றால் மாற்றுவேன். எனக்கு அந்தச் சிவப்பு எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி. கடை யாருடையதோ, போர்டு அவர் இஷ்டம். உங்கள் தொழிலில் அப்படி ஒரு வழக்கம் இல்லை போலிருக்கிறது.

ஐந்து பக்கத்துக்குத் தாளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அரிசி அளவு வெள்ளையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நலம். கம்பைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை நடக்கிறாள்.

இப்படிக்கு,
எட்டணா பிரஷ்காரன்


மார்ச் 13

தம்பிக்கு,

"நீங்கள்" போட்டு எழுதினால் குத்தும் என்று நினைத்தாய். குத்தியது. போதும், நிறுத்திக்கொள்.

மூன்று நாளாக அந்த வாயைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எப்படி என்று எழுதுகிறேன். நீ ஒரு நிமிஷத்தில் அப்பியதை எடுக்க எவ்வளவு பாடு என்று உனக்கும் தெரிய வேண்டும். சுத்தமான தண்ணீரில் பிரஷ்ஷை நனைத்து, சொட்டாமல் ஒற்றி, அந்த இடத்தில் வைக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. அரை நிமிஷம் காத்திருந்தால் கலர் தானாக இளகும். டிஷ்யூவை மேலே வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். பிறகு முழுசாகக் காயவிட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் மறுபடி கை வைத்தால் தாளின் மேல்தோல் உரிந்து வந்துவிடும். காய்ந்த பிறகு மறுபடி அதே வேலை. ஒரு நாளைக்கு நாலு தடவைதான் முடிந்தது. கட்டி வெள்ளை போய்விட்டது. கூடவே நான் போட்ட கன்னத்து நிழலும் பாதி போனது. சிவப்பு மட்டும் தாளுக்குள் இறங்கிக் கறையாக நிற்கிறது.

ஆனால் எடுக்கும்போது ஒன்று தெரிந்தது. படத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். மிச்சமிருந்த பூச்சின் மேடும் பள்ளமும் தெரிந்தது. கோடுகள் எல்லாம் இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்திருக்கின்றன. வலது கைக்காரர்கள் அப்படி இழுக்க மாட்டார்கள். நீ வலது கைக்காரன். அதோடு, பதினாறு வயசிலிருந்து ஒரே மூச்சில் கோடு இழுக்கிறவன் நீ. இதில் ஒவ்வொரு கோடும் மூன்று இடத்தில் நின்று நின்று போயிருக்கிறது.

ஆக, செய்தது நீ இல்லை. பழியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு உபதேசம் எழுதியிருக்கிறாய். உங்கள் வீட்டில் இடது கையால் காய் நறுக்குகிறவள், இடது கையால் கையெழுத்துப் போடுகிறவள் யார் என்று எனக்குத் தெரியாதா? உன் வீட்டுக்காரிக்கு என்மேல் ஆயிரம் இருக்கலாம். நான் வருவதில்லை, வந்தாலும் வேலை செய்வதில்லை, மூன்று நாள் இருந்து படம் வரைந்துவிட்டுப் போய்விடுகிறேன். சரி. அதை என் முகத்துக்கு நேராகச் சொல்லட்டும். படத்தின் முகத்தில் ஏன் காட்டினாள்?

அவளையே பதில் எழுதச் சொல்.

அக்கா


மார்ச் 19

அக்கா,

உன் கடிதத்தை நான் பிரிக்கும்முன் அவள் பிரித்துவிட்டாள். படித்துவிட்டு, மடித்து என் சட்டைப் பையில் செருகினாள். "அத்தைக்குத் தலை வாரிட்டு வரேன். அதுக்குள்ள உங்க அக்காவுக்கு உண்மைய எழுதுங்க. இல்லன்னா நான் எழுதுவேன், அது நல்லா இருக்காது" என்றாள். ஒன்றரை வருஷமாக அம்மாவைக் குளிப்பாட்டுவது அந்த இடது கைதான். இதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று இருந்தேன். நீ சொல்லவைத்துவிட்டாய்.

அம்மாதான் செய்தாள்.

பிப்ரவரியில் நீ போன் செய்தாயே, படத்தை அனுப்பு, கண்காட்சி, அழைப்பிதழிலேயே அதுதான் என்று. அம்மாவும் உன் குரலைக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நீ சந்தோஷமாகத்தான் பேசினாய். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் படத்தைக் காட்டி இறக்கச் சொன்னாள். கண்ணாடி தூசியாக இருக்கிறது போல என்று இறக்கினேன். கண்ணாடியையும் கழற்றச் சொன்னாள். பிறகு, "க... கல" என்றாள். கல்லா, கலமா என்று நானும் வீட்டுக்காரியும் கால் மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் அம்மா என் கை நகத்தில் ஒட்டியிருந்த பச்சை பெயிண்ட்டைத் தொட்டுக் காட்டினாள்.

எனாமலை எடுத்து வந்தேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். வாசனை பிடிக்காது. போய் போஸ்டர் கலர் வாங்கி வந்தேன். பிரஷ்ஷை இடது கையில் பிடித்தாள். நான் முழங்கையைத் தாங்க வந்தேன், தட்டிவிட்டாள். "நான் பண்றேம்மா" என்றேன். முறைத்தாள். நாற்பது நிமிஷம் ஆனது. நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆமாம், பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன்.

முதலில் எங்கே வைத்தாள் தெரியுமா? உன் அரிசி மேல். அதை விரலால் தொட்டு, "எச்சி" என்றாள். அந்தச் சொல் மட்டும் தெளிவாக வந்தது.

நீ அதை வெளிச்சம் என்கிறாய். அது அவள் வாயிலிருந்து வழிகிற எச்சில். தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கிறதே, பார்த்திருக்கிறாயா? ஒரு நாளைக்கு ஐம்பது தடவை துடைக்கிறாள். யாராவது வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வாயை வைத்தே வேலை பார்த்தவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். அவள் துடைத்துத் துடைத்து மறைக்கிற ஒன்றை நீ அவள் கட்டிலுக்கு எதிரே மாட்டிவிட்டுப் போனாய். மூன்று மாதம் காலையில் கண் விழித்ததும் அதைத்தான் பார்த்தாள். கம்பைப் பிடித்த ஒற்றைக் கையால் அவளால் அதை இறக்க முடியாது. எங்களுக்கும் தோன்றவில்லை. அந்தக் குற்றமும் என் பேரில் இருக்கட்டும்.

இன்னொன்று. நீ வரைந்த மூன்று நாளும் நான் கதவருகில் போய்வந்துகொண்டிருந்தேன். அவள் முகத்தைத் திருப்பத் திருப்ப, "அம்மா, இந்தப் பக்கம், வெளிச்சம் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அவளும் திரும்பினாள். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை என்பதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய்.

தம்பி


மார்ச் 26

தம்பிக்கு,

ஒரு வாரம் எழுதவில்லை. எழுதியதையெல்லாம் கிழித்தேன்.

உன் வீட்டுக்காரியிடம் நான் சொன்னது தப்பு என்று சொல். தனியாக அவளுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், நீ பிரிக்காதே.

உன்மேல் இருக்கிற கோபம் போகவில்லை, கூடியிருக்கிறது. பிப்ரவரியிலேயே ஒரு போன் செய்திருக்கலாமே. "அம்மாவுக்கு இது புடிக்கல" என்று மூன்றே வார்த்தை. அதைச் சொல்லாமல் பார்சல் கட்டி, தபாலில் அனுப்பி, நான் பிரித்துப் பார்த்துத் துடிக்கட்டும் என்று காத்திருந்தாய். அம்மாவுக்கு வாய் வரவில்லை, உனக்குமா வரவில்லை?

நான் இல்லாததை வரையவில்லை. அசிங்கமாக்கியும் வரையவில்லை. அந்த மூன்று நாளும் அவளை நான் பார்த்த மாதிரி என் வாழ்நாளில் யாரையும் பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே தோல் எத்தனை மடிப்பு, எந்த மடிப்பில் நீலம், எதில் மஞ்சள் என்று எனக்குத் தெரியும். தோளில் துண்டு கிடந்ததும் தெரியும். நிழல் நன்றாக இருந்தது என்று அதையும் வரைந்திருக்கிறேன். எதற்கு அந்தத் துண்டு என்று மட்டும் நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. இதை எழுதும்போது உன்னை அறைய வேண்டும்போல இருக்கிறது. ஏன் உன்னை என்று கேட்காதே.

வாய் கிட்டத்தட்டத் திரும்பி வந்துவிட்டது. தாள் கொஞ்சம் சொரசொரப்பாகிவிட்டது, ஆனாலும் மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை போட்டுக் கன்னத்து நிழலைப் பிடித்துவிட்டேன். போன அரிசி வெள்ளையை பிளேடு முனையால் சுரண்டி வரவழைக்கலாம். மேல் பூச்சைக் கீறினால் அடியில் இருக்கிற தாள் தெரியும், அவ்வளவுதான். ஒரே ஒரு கீறல் பாக்கி. வருகிறவர்கள் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

பிளேடை நாலு நாளாகக் கையில் எடுத்து எடுத்து வைக்கிறேன். "எச்சி" என்ற அந்த ஒரு வார்த்தையை நீ எழுதாமல் இருந்திருந்தால் இந்நேரம் கீறி முடித்திருப்பேன்.

அம்மாவிடம் கேள். படத்தை அங்கே மாட்டலாமா, வேண்டாமா. அந்த இரண்டே வார்த்தை. நடுவில் உன் நியாயத்தைக் கலக்காதே. அவள் சொல்வதை அப்படியே எழுது.

அக்கா


ஏப்ரல் 1

அக்கா,

கேட்டேன். கலக்கவில்லை. கடிதத்தின் கடைசிப் பத்தியைச் சத்தமாக வாசித்தேன்.

"வேணா" என்றாள்.

புரியாத மாதிரி மறுபடி கேட்டேன். உனக்காகத்தான். நீ இருபது வருஷம் காத்திருந்த சுவர் அது என்று எனக்கும் தெரியும். மறுபடியும் "வேணா" என்றாள். மூன்றாவது தடவை வாயைத் திறந்தேன். கம்பை எடுத்தாள்.

சந்தோஷப்பட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே.

இன்னொரு தலைவலி. மிச்சமிருந்த போஸ்டர் கலரை அவள் விடவில்லை. என் ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கமெல்லாம் வரைந்துகொண்டிருக்கிறாள். என்ன வரைகிறாள் என்று கேட்டால் ஜன்னலைக் காட்டுகிறாள். எதைப் போட்டாலும் கடைசியில் சேற்றுக் கலர்தான் வருகிறது. தாள் அப்பளம் மாதிரி சுருண்டுகொள்கிறது. கோபத்தில் பிரஷ்ஷை என்மேல் எறிகிறாள். டீ டம்ளரிலேயே பிரஷ்ஷைக் கழுவுகிறாள், நேற்று அதை நான் குடித்தும் தொலைத்தேன். "எனக்குத் தெரிஞ்சது எனாமல்மா, இது வேற" என்றால், உன் படம் இருந்த ஆணியைக் காட்டுகிறாள். உன்னைக் கேட்கச் சொல்கிறாள் என்று நினைக்கிறேன்.

எழுதினால் எழுது. இஷ்டமில்லாவிட்டால் விடு. காலையில் எட்டு மணிக்குச் சாரத்தில் ஏற வேண்டியவன், ஏழரைவரை அவளுக்குத் தாள் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

படத்தை எடுத்துவிட்டேன். கண்காட்சி நடத்துகிறவர், "இன்விடேஷனே அடிச்சாச்சு மேடம், இப்பப் போய் இப்படிச் சொன்னா எப்படி" என்றார். "படத்துல இருக்கறவங்க வேணாம்னுட்டாங்க" என்றேன். "அவங்க உங்க அம்மாதானே, நீங்க சொன்னா கேக்க மாட்டாங்களா" என்றார். நான் அவரிடம் எரிந்து விழுந்தேன். பத்து நாளைக்கு முன்னால் நானே அப்படித்தான் கேட்டிருப்பேன். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. என் சுவரில் தவளை மாட்டப்போகிறார்கள். அழைப்பிதழில் அம்மா, சுவரில் தவளை. வருகிறவர்கள் எப்படியாவது பொருத்திக்கொள்ளட்டும்.

அவள்மேலும் எனக்குக் கோபம்தான். அவளிடம் அப்படியே சொல். அந்நியரிடம் கேட்பதுபோல அனுமதி கேட்டேன், அந்நியருக்குச் சொல்வதுபோல மறுத்துவிட்டாள். நியாயம்தான். நியாயமாக இருப்பதால் வலிக்காமல் போய்விடாது.

இனி, சேறு. ரசீதுத் தாளில் வரைந்தால் சேறுதான் வரும், வேறென்ன வரும்? தனியாக ஒரு கட்டு கெட்டித் தாள் அனுப்பியிருக்கிறேன். பருத்தியில் செய்தது, தண்ணீர் தாங்கும். நாலு ஓரமும் காகித டேப் போட்டுப் பலகையில் ஒட்டிக் கொடு, சுருளாது. பலகைக்கு அடியில் ஒரு புத்தகம் வைத்துத் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்து. அப்போதுதான் கலர் மெதுவாகக் கீழே இறங்கும், ஒரே இடத்தில் குளம் கட்டாது. டீ டம்ளரைத் தூக்கி எறி. இரண்டு டம்ளர் தண்ணீர் வை. ஒன்று பிரஷ் கழுவ, இன்னொன்று கலர் கரைக்க. இரண்டையும் மாற்றிப்போடாதே. நீ மாற்றிப்போடுவாய் என்று எனக்குத் தெரியும்.

மூன்று கலர் மட்டும் அனுப்புகிறேன். மஞ்சள், நீலம், காவிச் சிவப்பு. பன்னிரண்டு கேட்டால் கொடுக்காதே. எந்த நிறம் வேண்டுமானாலும் இதில் இரண்டைக் கலந்தால் வரும். மூன்றையும் கலந்து கிளறிக்கொண்டே இருந்தால் அவள் இப்போது போடுகிற சேறு வரும். கலந்ததை முதலில் வேறொரு துண்டுத் தாளில் தீட்டிப் பார்க்கச் சொல். காய்ந்தால் நிறம் வெளுத்துவிடும். ஈரத்தில் பார்த்து ஏமாறக் கூடாது.

ஈரத் தாளில் கலர் வைத்தால் அது தன் இஷ்டத்துக்குப் பரவும். வானம், புகை, தூரத்து மரம் எல்லாம் அப்படி. காய்ந்த தாளில் வைத்தால் வைத்த இடத்தில் ஓரம் கட்டி நிற்கும். சுவர், குழாய், ஜன்னல் கம்பி எல்லாம் அப்படி. எது பரவ வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதைப் பிரஷ் எடுக்கும்முன் முடிவு செய்ய வேண்டும். ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்தது. விரலை வைத்துப் பார்க்கக் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொள்ளும். புறங்கையைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் போதும். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அம்மாவுக்குப் பொறுமை கிடையாது. எனக்கும் கிடையாது. நான் தாள்களைக் கிழித்துக் கிழித்துக் கற்றுக்கொண்டேன். அவளும் கிழிக்கட்டும், தடுக்காதே. பிரஷ்ஷைத் தலைகீழாக டம்ளரில் நிற்கவைத்துவிட்டுப் போனால் கொன்றுவிடுவேன். முனை வளைந்துவிடும்.

அம்மாவின் படமும் அதே பார்சலில் வருகிறது. கீறவில்லை. அது அவள் முகம், அவளே வைத்துக்கொள்ளட்டும். கட்டிலுக்கு எதிரே மாட்டாதே. கேட்டுவிட்டு, எங்கே சொல்கிறாளோ அங்கே வை.

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

பார்சல் வெள்ளிக்கிழமை வந்தது. தாள் ஒட்டினேன், இரண்டு டம்ளர் வைத்தேன், ஒரு தடவைதான் மாற்றிப்போட்டேன். உன் கடிதத்தை மூன்று முறை வாசிக்கவைத்தாள். மூன்று தாளைச் சேறாக்கினாள். நாலாவதில் ஒரு வானம் வந்தது. நிஜமாகவே வானம். அதையே கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காய்ந்ததா என்று புறங்கையை வைத்துப் பார்க்கும்போது டம்ளரைக் கவிழ்த்துவிட்டாள். அந்தக் கட்டுத் தாள் முழுவதும் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அவளை ஒன்றும் சொல்லாதே. நான் ஏற்கெனவே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தேன். குளியலறைத் தொட்டி நிறையத் தண்ணீர். அம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். உன் படம் தொட்டிக்குள் கிடந்தது. தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி, இடது கையால் மெதுவாக ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் முழுக்க உன் கலர். முடி போய்விட்டது, போர்வை போய்விட்டது, கண்ணுக்குக் கீழே நீ போட்ட நீலமெல்லாம் போய்விட்டது. நான் வாசலிலேயே நின்று கத்தினேன். இவளிடம், "நீ பார்த்துக்கிட்டா இருந்த?" என்றேன். "அத்தை தண்ணி கேட்டாங்க, குடுத்தேன். தொட்டியில போடச் சொன்னாங்க, போட்டேன். அது அவங்களுதுன்னு உங்க அக்காதானே எழுதுனாங்க" என்றாள்.

"பின்பக்கம் வெறுமையாத்தானேம்மா இருக்கு, அதுல வரையலாமே, இத ஏன் அழிச்ச?" என்றேன். நம்பினால் நம்பு, அந்தப் படம் எனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்று உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அம்மா தாளைத் தூக்கிப் பார்த்தாள். "நல்ல தாளு" என்றாள். இரண்டே சொல். சிக்கலில்லாமல் வந்தது.

இரவெல்லாம் காயவிட்டு நேற்று வரைந்தாள். பக்கத்து வீட்டுச் சுவர், தண்ணீர்க் குழாய், மேலே ஒரு கறுப்பு டாங்க். சுவர் சுமாராக வந்தது. டாங்க் காயும்முன் வானத்தில் கை வைத்ததால் கறுப்பு ஒழுகி இறங்கிவிட்டது. எக்ஸ்சேஞ்சில் எப்போதோ காதில் விழுந்த கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னாள், எழுத மாட்டேன். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு சுவர்தான். எனக்கும் உனக்கும் மட்டும் அடியில் ஒரு முகம் இருப்பது தெரியும். நெற்றி எங்கே முடிகிறது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது. இந்தத் தடவை ஒரு பக்கம்கூட விடாமல் படிப்பேன்.

தம்பி


ஏப்ரல் 21

தம்பிக்கு,

நின்றுகொண்டுதான் படித்தேன். சமையலறையில் நின்று கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி, யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆமாம், எங்கள் அம்மா என்னைத் தண்ணீரில் போட்டுவிட்டாள் என்றேன். பாவம், போய்விட்டார்.

என் வாழ்க்கையில் நான் வரைந்த ஒரே நல்ல படம் அது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அது இனி இல்லை. அழைப்பிதழில் இருக்கிற கட்டைவிரல் அளவு போட்டோதான் மிச்சம். கண்காட்சியில் மூன்று பேர் அதைக் காட்டி, இந்தப் படம் எங்கே என்று கேட்டார்கள். தவளையைக் காட்டினேன். ஒருவர் தவளை நன்றாக இருக்கிறது என்றார். அவரை அடிக்காமல் விட்டேன்.

உனக்குப் பிடிக்கும் என்பதைப் பத்து வருஷத்துக்கு முன்னாலேயே, ஏதாவது ஒரு படத்துக்காவது சொல்லியிருக்கலாம். இப்போது சொல்கிறாய், படம் போன பிறகு.

"தடுத்திருக்கக் கூடாதா" என்று உனக்கு எழுதினேன், கிழித்துவிட்டேன். "தாளையெல்லாம் நனைத்தவளை நம்பி இதையும் கொடுத்தாயா" என்று எழுதினேன், அதையும் கிழித்தேன். எல்லாக் கேள்வியும் உனக்கே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது. ஒன்றரை வருஷமாக அவளுக்கான கேள்வியை உன்னிடம் கேட்டு, அவள் பதிலை உன் கையெழுத்தில் படித்துக்கொண்டிருக்கிறேன். நேரில் வந்தபோதும் அவள் ஏதாவது சொன்னால், "என்ன சொல்றா?" என்று உன் முகத்தைத்தான் பார்ப்பேன். அவள் பேசுவது எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. புரியவேண்டிய அளவுக்கு நான் உட்கார்ந்ததில்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறேன். பாடப்புத்தக ஆபீசில் ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டேன். கலர்ப் பெட்டி கொண்டு வரமாட்டேன். தாள் மட்டும் கொண்டு வருகிறேன், அவளுக்கு. உன் வீட்டுக்காரியிடம் கேட்டுவிட்டு எனக்கு ஒரு இடம் ஒதுக்கு. அவள் முடியாது என்றால் பக்கத்தில் எங்காவது அறை பார். அவள் சொல்கிறபடி.

வந்ததும் அம்மாவுக்கு எதிரே உட்காரப்போகிறேன். என் படத்தை ஏன் கழுவினாய் என்று கேட்கப்போகிறேன். கோபமாகத்தான் கேட்பேன், அவளிடம் நடிக்க என்னால் முடியாது. அவளும் கோபமாகவே பதில் சொல்லட்டும். ஒரு சொல்லுக்குக் கால் மணி நேரம் ஆனாலும் சரி, ஒரு வாக்கியத்துக்கு ஒரு நாள் ஆனாலும் சரி, எழுந்திருக்கமாட்டேன்.

நீ மட்டும் நடுவில் புகுந்து, அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குச் சொல்லாதே.

அக்கா